மிச்சத்தில் பிறக்கும் கனெக்டிங் ராடு: ஹோண்டா எஸ்2000 என்ஜினின் ஸ்ட்ரோக் மாற்றம், ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் இரண்டு கூட்டல்.

42 + 153 = 195
45.35 + 149.65 = 195

முதல் வரி, ஹோண்டா 1999-இல் எஸ்2000 காரில் வைத்த எஃப்20சி என்ஜினுக்கு உரியது. இரண்டாவது வரி, அதே காரின் 2004-ஆம் ஆண்டு மாடலில் அமெரிக்காவில் வந்த எஃப்22சி1 என்ஜினுக்கு உரியது. ஒவ்வொரு வரியிலும் முதல் எண் ஸ்ட்ரோக்கில், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழ் வரை போகிற தூரத்தில், பாதி. அடுத்த எண், பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் நீளம், அதாவது பெரிய கண்ணின் மையத்திலிருந்து சிறிய கண்ணின் மையம் வரை. எல்லாம் மில்லிமீட்டரில். ஸ்ட்ரோக் 84-லிருந்து 90.7-க்குப் போனது. கூடியது 6.7, அதில் பாதி 3.35. ராடு குறைந்ததும் அதே 3.35. இம்மி பிசகவில்லை.

உலகத்தரம் வாய்ந்த ஒரு என்ஜின் குழு, தன் பெருமைக்குரிய என்ஜினின் ராடு நீளத்தை எப்படித் தேர்ந்தெடுத்தது என்று கேட்டால், இந்தக் கூட்டல்தான் பதில். ஸ்ட்ரோக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ராடு, மிச்சம் எவ்வளவோ அவ்வளவு. கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளில் நான் பழகிய இருபது வருடங்களில், என்ஜினைத் தட்டியெழுப்ப வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகவே தொடங்குகிறார்கள். "அண்ணா, ராடுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் விகிதம் 1.75 வைத்தால் நல்லது என்கிறார்களே?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அது முதல் கேள்வி அல்ல என்று காட்டுவதற்கு எஸ்2000-ஐவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரே பிளாக் (சிலிண்டர்கள் உள்ள உடல்), ஒரே போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஏறத்தாழ ஒரே ஹெட் (வால்வுகள் உள்ள மேல்மூடி). மாறியது கிராங்க், அதன் பின்னால் இழுபட்டுப் போனது ராடு.

பிளாக் தருகிற இடம்

கிராங்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல் முகம் வரையுள்ள உயரம் வார்ப்படத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த உயரத்துக்குள் மூன்று பேர் குடியிருக்க வேண்டும்: கிராங்கின் ஆரம் (ஸ்ட்ரோக்கில் பாதி), ராடின் நீளம், பிஸ்டனில் 'பின்' (ராடைப் பிஸ்டனோடு கோக்கிற ஆணி) மையத்துக்கு மேலே உள்ள உயரம். மாதச் சம்பளத்துக்குள் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் என்று பிரிப்பது போலத்தான். வாடகை கூடினால் வேறு எதிலாவது கைவைத்தாக வேண்டும். ஸ்ட்ரோக்கைக் கூட்டுகிறவனுக்கு ராடைக் குறைப்பது, பிஸ்டன் உயரத்தைக் குறைப்பது, பிளாக்கையே உயர்த்துவது என்று மூன்று வழிகள்தான் உண்டு. பிளாக்கை உயர்த்துவது தொழிற்சாலைக்குச் செலவு, பட்டறைக்கு வம்பு.

ஹோண்டா ராடில் கைவைத்தது. இரண்டு கூட்டலும் 195-இல் நிற்பதால் பிஸ்டனின் பின் உயரத்துக்கு எந்த வேலையும் வரவில்லை.

ஏன் ஸ்ட்ரோக்கைத் தொட்டார்கள்

எஃப்20சி ஒரு பிடிவாதக்கார என்ஜின். போர் 87, ஸ்ட்ரோக் 84, கொள்ளளவு 1,997 சி.சி. ஜப்பானில் 8,300 ஆர்.பி.எம்-இல் 250 குதிரைத்திறன். டர்போ இல்லாமல் லிட்டருக்கு 125. சிவப்புக் கோடு, அதாவது என்ஜினைச் சுற்றவிடக்கூடிய உச்ச வரம்பு, 9,000. அமெரிக்காவுக்குப் போன வடிவத்தில் அமுக்க விகிதம் 11.7-லிருந்து 11-ஆகக் குறைந்து, அதே 8,300-இல் 240 குதிரைத்திறன். இந்தத் திறனெல்லாம் மாடியில்தான் இருந்தது. வேகத்துக்கேற்ப வால்வைத் திறக்கும் கேமை மாற்றுகிற வி-டெக் அமைப்பின் பெரிய கேம் 6,000 சுற்றுக்கு அருகில்தான் பிடிக்கும். உச்ச முறுக்குவிசையான 208 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 7,500-இல். நகரச் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டுகிறவர் அந்த மாடிக்கு ஏறுவதே அபூர்வம். கீழே இழுவை போதவில்லை என்பது அமெரிக்க வாங்குநர்களின் நிரந்தரப் புலம்பல்.

அதற்கான மருந்துதான் எஃப்22சி1. போர் அதே 87, ஸ்ட்ரோக் 90.7, கொள்ளளவு 2,157 சி.சி. 7,800-இல் 240 குதிரைத்திறன், 6,500-இல் 220 நியூட்டன் மீட்டர். சிவப்புக் கோடு 8,000.

கொள்ளளவைக் கூட்டப் போரைப் பெரிதாக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அதே 2,157 சி.சி. வர, 84 ஸ்ட்ரோக்கில் போர் 90.4 ஆக வேண்டும். அப்படியானால் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள சுவரில் 3.4 மி.மீ. போய்விடும். எஃப்20சி-யின் சிலிண்டர் சுவர் தனியாகச் செருகிய இரும்பு லைனர் அல்ல; இழை வலுவூட்டிய உலோகத்தை அலுமினியப் பிளாக்கோடு சேர்த்தே வார்த்தது. ரீபோர் அடித்துப் பெரிதாக்கும் சமாசாரம் இல்லை. கிராங்கை மாற்றுவது அதைவிட எளிது.

இந்தக் கணக்கில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்ப்பது ஓர் எண்ணை. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை உள்ளே இழுக்கிறது. எஃப்20சி தன் உச்சத் திறன் புள்ளியில், ஏட்டுக் கணக்குப்படி, நிமிடத்துக்கு 8,288 லிட்டர் இழுக்கிறது. எஃப்22சி1 தன் உச்சத்தில் இழுப்பது 8,412 லிட்டர். வித்தியாசம் ஒன்றரை சதவீதம். இரண்டுக்கும் அமெரிக்கக் கணக்கில் திறன் அதே 240. காற்று வந்து போகிற வாசல் ஹெட்டில் இருக்கிறது. வால்வின் அளவும் கேம் அதைத் தூக்குகிற உயரமும் போர்ட் என்ற காற்றுவழியின் குறுக்களவும்தான் அந்த வாசல். வாசலை அகலப்படுத்தாமல் கூடத்தை மட்டும் பெரிதாக்கினால் ஒரு நிமிடத்தில் நுழைகிற கூட்டம் கூடாது. அதே கூட்டம் குறைந்த சுற்றிலேயே வந்து சேர்ந்துவிடும். ஸ்ட்ரோக்கை நீட்டியதால் உச்சத் திறன் கூடவில்லை. 500 சுற்று கீழே இறங்கி வந்தது. முறுக்குவிசை மட்டும் ஆறு சதவீதம் போலக் கூடி, ஆயிரம் சுற்று முன்னதாகக் கைக்கு வந்தது. ஹோண்டாவுக்கு வேண்டியதும் அதுவே. 'ஸ்ட்ரோக் போட்டால் பவர் கூடும்' என்று யாராவது சொன்னால், ஹெட்டை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

ஆயிரம் சுற்றின் விலை

சிவப்புக் கோடு 9,000-லிருந்து 8,000-க்கு இறங்கியதைப் பார்த்துப் பலர் ராடு குட்டையானதால்தான் என்று முடிவு கட்டினார்கள். விகிதம் 1.82-லிருந்து 1.65-க்கு விழுந்திருக்கிறது, அதுதான் குற்றவாளி என்பது அவர்கள் வாதம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பிஸ்டனின் சராசரி வேகம் ஸ்ட்ரோக்கையும் சுற்றையும் மட்டுமே பொறுத்தது. அதில் ராடுக்கு இடமில்லை. எஃப்20சி 9,000-இல் நொடிக்கு 25.2 மீட்டர். எஃப்22சி1 8,000-இல் 24.2 மீட்டர்; அதையும் 9,000-க்கு ஏற்றினால் 27.2. ஒப்பிட ஒரு தகவல்: 2009-இல் ஃபார்முலா 1 என்ஜின்களுக்கு 18,000 சுற்று என்று வரம்பு கட்டியபோது, 98 மி.மீ. என்ற உச்ச வரம்பு வரை போர் வைத்த 2.4 லிட்டர் வி8-இன் ஸ்ட்ரோக் 39.8 மி.மீ. அளவில்தான் இருந்தது. அதன் பிஸ்டன் வேகம் நொடிக்கு 24 மீட்டருக்குள். அலுவலகத்துக்கு ஓட்டிப் போகக்கூடிய ஒரு ஹோண்டாவின் பிஸ்டன், சிவப்புக் கோட்டில் அதைவிட வேகமாகப் போனது. 9,000 என்பது எத்தனை துணிச்சலான எண் என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம்.

வேகத்தைவிடக் கொடியது முடுக்கம். பிஸ்டன் மேல் முனையில் நின்று திரும்பும் கணத்தில்தான் ராடையும் ராடு போல்ட்டையும் பிய்த்துப் போடுகிற இழுவை வருகிறது. அதிலும் புகை வெளியேறி முடிகிற மேல் முனையில்தான் ஆபத்து அதிகம். எரிப்பில் பிறக்கும் வாயு அழுத்தம் எதிரே நின்று தாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. எஃப்20சி 9,000-இல் ஓடும்போது அந்த முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 4,850 மடங்கு. பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல் பகுதி எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு அரைக் கிலோ என்று வைத்தால், ஒவ்வொரு ராடும் சுமார் 2.4 டன் எடையை ஒரு நொடியில் 150 முறை தொங்கவிட்டுத் தொங்கவிட்டு எடுக்கிறது.

இனி எஃப்22சி1-ஐ அதே 9,000-க்கு ஏற்றுவோம். முடுக்கம் 5,350 மடங்கு. பத்துச் சதவீதத்துக்குச் சற்று மேல் கூடிவிட்டது. இந்தப் பத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு? ராடைக் குறைக்காமல் பழைய 153-ஐயே வைத்து, ஸ்ட்ரோக்கை மட்டும் 90.7 ஆக்கியதாகக் கற்பனை செய்துகொண்டு மறுபடி கணக்குப் போட்டால் 5,325 வருகிறது. ஆக, 3.35 மி.மீ. குட்டையான ராடின் பங்கு அரைச் சதவீதம். மீதி முழுவதும் ஸ்ட்ரோக்கின் வேலை. பழி ராடின் தலையில் விழுந்தது அநியாயம்.

அதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. சராசரி வேகம் பழைய 25.2-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்தால் எஃப்22சி1-ஐ 8,335 வரை ஓட்டலாம். முடுக்கம் பழைய அளவைத் தாண்டக் கூடாது என்றால் 8,560 வரை போகலாம். ஹோண்டா இரண்டுக்கும் கீழே 8,000-இல் கோடு போட்டது. திறன் 7,800-இல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகு, அதற்கு மேல் சுற்றவைப்பதில் ஓட்டுநருக்குச் சத்தம்தான் லாபம் என்பது என் ஊகம். முடுக்கம் சுற்றின் வர்க்கத்தில் ஏறுவதால் அந்த ஆயிரம் சுற்றை விட்டுக்கொடுத்ததில் ராடின் மேல் இழுவை 21 சதவீதம் குறைந்துபோனது. எஃப்22சி1 வாங்கி, கணினியை மாற்றி, 9,000-க்கு ஏற்றி மகிழ்கிறவர்கள் விட்டுக்கொடுத்த அந்த 21-ஐத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

நீண்ட ராடு என்ன தரும்

ராடின் ரசிகர்கள் இதோடு விடமாட்டார்கள். நீண்ட ராடில் பிஸ்டன் மேல் முனையில் அதிக நேரம் தங்கும், எரிப்பு நன்றாக நடக்கும் என்பார்கள். தங்கும், உண்மைதான். எவ்வளவு என்று அளந்து பார்த்தவர்கள் குறைவு. 90.7 ஸ்ட்ரோக்கில், மேல் முனையைக் கடந்து கிராங்க் 20 டிகிரி திரும்பிய நிலையில், 149.65 ராடு உள்ள பிஸ்டன் 3.541 மி.மீ. இறங்கியிருக்கும். 153 ராடு என்றால் 3.523. வித்தியாசம் 0.018 மி.மீ. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஹெட் கேஸ்கெட்டை மாற்றிப் போட்டாலே அதைவிட அதிகம் மாறும்.

பக்கவாட்டுத் தள்ளலுக்கும் அதே கதைதான். ராடு சாய்ந்திருக்கும்போது பிஸ்டனைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துகிறது. அதிகபட்சச் சாய்வு எஃப்20சி-யில் 15.9 டிகிரி, எஃப்22சி1-இல் 17.6. ராடைக் குறைக்காமல் விட்டிருந்தால் 17.2. நீண்ட ராடு மிச்சப்படுத்தியிருக்கக்கூடியது அரை டிகிரிக்கும் குறைவு. அதற்காகப் பிஸ்டனின் பின்னை 3.35 மி.மீ. மேலே ஏற்றி, ரிங்குகளை நெருக்கி, புதிதாக ஒரு பிஸ்டன் வரைந்து, வார்த்து, சோதித்து எடுக்க வேண்டும். எந்தக் கணக்காளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பொறியாளரும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

அதிர்வு விஷயத்தில் மட்டும் விகிதத்துக்குக் கொஞ்சம் கனம் உண்டு. வரிசையில் நான்கு சிலிண்டர் வைத்த என்ஜினில் பிஸ்டன்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டாலும், ராடின் சாய்வால் பிறக்கிற இரட்டை வேக நடுக்கம் சமன் ஆகாமல் எஞ்சி நிற்கும். ஒரே சுற்றில் ஒப்பிட்டால் எஃப்22சி1-இல் அது 19 சதவீதம் அதிகம். அதிலும் பெரும்பங்கு ஸ்ட்ரோக்குக்கே. சிவப்புக் கோட்டில் 8,000-ஐயும் 9,000-ஐயும் ஒப்பிட்டால் புதியதுதான் சற்றுக் குறைவாக நடுங்குகிறது. வழக்கமான வேகத்தில் கியர் கம்பியில் கை வைத்தால் உணர்கிறவர் உணர்வார்.

கீழ் முனையில் நடக்கிற விபத்து

எல்லோரும் மேல் முனையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

நண்பர் ஒருவரின் ஒற்றைச் சிலிண்டர் பைக்குக்கு, ஆஃப்செட் கிராங்க் பின் போட்டு ஸ்ட்ரோக்கை 4 மி.மீ. கூட்டினோம். ராடு அதேதான். பிஸ்டன் 2 மி.மீ. மேலே வந்து ஹெட்டில் இடிக்குமே என்று, பிளாக்குக்கு அடியில் 2 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டிப் போட்டேன். பிஸ்டன் தலையில் விளையாட்டுக் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டி இறுக்கி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, கழற்றி, களிமண்ணைப் பிளேடால் வகுந்து தடிமன் பார்த்தேன். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி தாராளம். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஸ்டார்ட் செய்ததும் மெல்லிய 'டிக், டிக்'. வால்வு சத்தம் என்று நினைத்து டாப்பெட்டைச் சரிசெய்தேன். சத்தம் போகவில்லை. மேலும் ஓட்ட மனமில்லாமல் பிளாக்கைத் தூக்கிப் பார்த்தபோது பிஸ்டனின் பாவாடை எனப்படும் கீழ்ச்சுவரின் ஓரத்தில், முன்பக்கமும் பின்பக்கமும், பிறை போல இரண்டு வெள்ளைத் தடங்கள். கிராங்க் எடை, அதாவது கிராங்கைச் சமன் செய்ய அதிலேயே இருக்கிற எதிர் எடை, கீழ் முனையில் பிஸ்டனை முத்தமிட்டுக்கொண்டிருந்தது. தகடு போட்டு நான் உயர்த்தியது சிலிண்டரை மட்டுமே. கிராங்கிலிருந்து பின் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை ராடும் ஆரமும் முடிவு செய்கின்றன. தகடு அதில் தலையிடுவதில்லை. ராடின் நீளத்திலிருந்து ஆரத்தைக் கழித்தால் கீழ் முனையில் பின் நிற்கிற தூரம். அது 2 மி.மீ. குறைந்துவிட்டதை நான் கழித்துப் பார்க்கவே இல்லை.

எஸ்2000-இல் அதே கழித்தலைப் போடுங்கள். எஃப்20சி: 153-இல் 42 போக 111. எஃப்22சி1: 149.65-இல் 45.35 போக 104.3. கீழ் முனையில் பிஸ்டன் கிராங்கை நோக்கி 6.7 மி.மீ. நெருங்கி வந்துவிட்டது. ஸ்ட்ரோக் கூடினாலே 3.35 வந்துவிடும், ராடைக் குறைத்ததால் இன்னொரு 3.35. நீண்ட ராடுக்கு ஆதரவாக நான் மனமார ஒப்புக்கொள்கிற வாதம் இதுதான். எரிப்பு, தங்கல் என்ற தத்துவமெல்லாம் வேண்டாம். பிஸ்டன் பாவாடைக்கும் கிராங்க் எடைக்கும் நடுவே காற்று வேண்டும். தொழிற்சாலைக்குக் கிராங்க் எடையின் வடிவத்தைப் புதிதாக வரைகிற வசதி உண்டு. பட்டறையில் வாங்கிய கிராங்கை வைத்து வேலை செய்கிறவன் அதைக் கடைந்துதான் எடுக்க வேண்டும். கடைந்தால் சமநிலை போகும்.

கிராங்குக்கும் ஒரு இழப்பு உண்டு. பிளாக்கில் உட்கார்ந்து சுழலும் மெயின் ஜர்னலும் ராடு மாட்டும் ராடு ஜர்னலும் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். கிராங்கின் கையை உறுதியாகப் பிடித்திருப்பது அந்த ஏற்றம்தான். ஜர்னல் விட்டங்களை மாற்றாமல் ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் அந்த ஏற்றம் கூடுதல் ஸ்ட்ரோக்கின் பாதி அளவு, இங்கே 3.35 மி.மீ., கரைந்துபோகும். ஸ்ட்ரோக் அதிகமான கிராங்க் உடைகிற இடம் பெரும்பாலும் அந்த மூலைதான்.

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே கூட்டல்

ஹோண்டா செய்தது புதுமை அல்ல. 1970-இல் ஷெவ்ரலே தன் சிறிய வி8 பிளாக்கில் 400 கன அங்குல என்ஜினைக் கொண்டுவந்தபோது இதையேதான் செய்தது. 350 என்ஜினில் ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், ராடு 5.7, பிஸ்டன் உயரம் 1.56. பாதி ஸ்ட்ரோக்கோடு கூட்டினால் சரியாக 9. 400-இல் ஸ்ட்ரோக் 3.75, ராடு 5.565, பிஸ்டன் உயரம் அதே 1.56. கூட்டினால் மறுபடி 9. பிளாக் உயரம் 9.025. அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் 5.565 ராடைப் பார்த்து முகம் சுளித்தார்கள், விகிதம் 1.5-ஐக்கூட எட்டவில்லை.

ஆனால் 400-இன் கிராங்க் அவர்களுக்கு இனித்தது. அதன் மெயின் ஜர்னலைக் கடைந்து 350 பிளாக்கில் உட்காரவைத்து, போரை 0.030 அங்குலம் பெரிதாக்கினால் 383 கன அங்குலம். அமெரிக்கத் தெருக்களில் இதைவிட அதிகமாகக் கட்டப்பட்ட என்ஜின் வேறு இருக்குமா என்பது சந்தேகம். இங்கேதான் ராடுக்கு உண்மையான தேர்வு வருகிறது, ஏனென்றால் பிஸ்டனை எப்படியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். 5.7 ராடு போட்டால் பிஸ்டன் உயரம் 1.425. 6 அங்குல ராடு போட்டால் 1.125. நீண்ட ராடில் மேல் முனை முடுக்கம் 1.2 சதவீதம் குறைகிறது; சாய்வு 19.2 டிகிரியிலிருந்து 18.2 ஆகிறது. அதைவிட முக்கியம், பிஸ்டன் குட்டையாகி எடை குறைகிறது. பதிலுக்கு, அத்தனை குட்டையான பல பிஸ்டன்களில் பின் துளை ஆயில் ரிங் பள்ளத்துக்குள் ஏறிவிடுகிறது. அங்கே ரிங்குக்கு அடியில் தாங்கு வளையம் வைக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் ஓடுகிற என்ஜினுக்கு அது பொருட்டல்ல. நீண்ட காலம் தெருவில் ஓட வேண்டிய என்ஜினுக்கு நான் 5.7-ஐத்தான் எடுப்பேன்.

நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய உலகின் ஸ்மோக்கி யூனிக், பிளாக்கில் எவ்வளவு நீண்ட ராடு நுழையுமோ அவ்வளவு நீளத்தை வை என்ற கட்சி. டிராக் ரேஸிங் (நேர்கோட்டுக் குறுந்தூரப் பந்தயம்) என்ஜின் கட்டுநர் டேவிட் ரெஹர், ராடு நீளத்தோடு போராடி நேரமும் பணமும் வீணானதுதான் மிச்சம், பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது மட்டுமே அதன் வேலை என்ற கட்சி. இருவருமே வெற்றிகளால் பேசியவர்கள். யூனிக்கின் என்ஜின் மணிக்கணக்கில் உச்சத்தில் ஓட வேண்டியது. பிஸ்டன் எடையும் சுவர் உரசலும் அவருக்குக் காசு. ரெஹரின் என்ஜின் சில நொடிகள் ஓடினால் போதும். அதனால் நான் கட்சி மாறிக் கட்சி மாறி வாக்களிக்கிறேன்.

எட்டு மில்லிமீட்டர் சும்மா கிடைத்தபோது

எதிர்த்திசை உதாரணமும் ஹோண்டாவிடமே இருக்கிறது. 1997-இல் சிவிக் டைப் ஆர் காருக்கு வந்த பி16பி. 1.6 லிட்டர், 8,200-இல் 185 குதிரைத்திறன். அதன் ஸ்ட்ரோக், பழைய பி16ஏ-யின் அதே 77.4. ஆனால் பிளாக், 1.8 லிட்டர் பி18சி-யின் உயரமான பிளாக். பி16ஏ-யைவிட ஏறத்தாழ 8 மி.மீ. உயரம் கூடுதல். ஆரம் மாறாததால் அந்த 8 மி.மீ. முழுவதும் சும்மா கிடந்தது. அதைப் பிஸ்டனுக்குக் கொடுத்தால் மேலும் கீழும் ஓடுகிற எடை கூடும். ராடுக்குக் கொடுத்தால் அவ்வளவு கூடாது. ராடு 134.4-லிருந்து 142.4 ஆனது, விகிதம் 1.84.

இந்த 1.84-ஐக் காட்டித்தான் ஹோண்டாவே நீண்ட ராடை நம்புகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அதே பிளாக்கில் 87.2 ஸ்ட்ரோக் வைத்த இன்டெக்ரா டைப் ஆர் என்ஜினின் விகிதம் 1.58 மட்டுமே. அது 8,000-இல் 200 குதிரைத்திறன் கொடுத்து, ரேஸ் தடங்களில் பெயர் வாங்கியது. அதன் உச்சத் திறன் புள்ளியில் பிஸ்டன் வேகம் நொடிக்கு 23.25 மீட்டர், எஃப்20சி-யின் உச்சத் திறன் புள்ளியிலும் ஏறத்தாழ அதே எண்தான். விகிதங்கள் 1.58, 1.82 என்று எங்கெங்கோ நிற்க, வேகங்கள் மட்டும் கைகோத்து நிற்கின்றன. வடிவமைப்பவர்கள் எந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள் என்பது எனக்கு இதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஜப்பானில் 2005 இறுதியில் எஸ்2000-க்கும் 2.2 லிட்டர் வந்தபோது குதிரைத்திறன் 250-லிருந்து 242-க்கு இறங்கியது. இரண்டு லிட்டர் வரம்பைத் தாண்டியதால் வாகன வரியும் ஒரு படி ஏறியது. ஐரோப்பாவில் 2009-இல் காரின் உற்பத்தி நிற்கும் வரை பழைய 84 ஸ்ட்ரோக்கே ஓடியது. எந்த நாட்டுச் சாலைக்கு எந்த ஸ்ட்ரோக் என்பதை எண்ணிப் பார்த்துதான் முடிவு செய்திருக்கிறார்கள். ராடு பற்றி யாரும் தனியாகக் கவலைப்பட்டதற்குத் தடயமில்லை.

போன மாதம் பட்டறைக்கு வந்த தம்பியிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்றை ட்ராக் நாட்களுக்காகக் கட்டுகிறார். கைப்பேசியில் மூன்று நிறுவனங்களின் ராடு விலைப்பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். எத்தனை சுற்று வரை ஹெட் மூச்சுவிடும் என்று கேட்டேன். 7,500 என்றார். அப்படியானால் நொடிக்கு 23 மீட்டரை வைத்துக்கொண்டால் ஸ்ட்ரோக் 92 வரை போகலாம் என்று ஒரு தாளில் எழுதினேன். அதன் கீழே 46 என்று எழுதி, கூட்டல் குறி போட்டு, ராடுக்கும் பிஸ்டனுக்கும் இரண்டு கோடுகளைக் காலியாக விட்டு, சமக்குறிக்கு அப்புறமும் ஒரு கோடு போட்டேன்.

"இந்தக் கடைசிக் கோடு என்னங்கண்ணா?"

"உங்கள் பிளாக்கின் உயரம். புத்தகத்தில் பார்த்து எழுதாதீர்கள் தம்பி. மேல் முகத்தை எத்தனை முறை கடைந்திருக்கிறார்களோ யாருக்குத் தெரியும். அளந்து கொண்டுவாருங்கள்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பிளாக் இன்னும் வரவில்லை.